பட்டி சரியென்றால் கழுத்து தப்பும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பந்தயக் கார் பெல்ட்டையும் கழுத்துக் காப்பையும் பற்றியவை. ஏப்ரல் நெருங்கினால் நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குக் கார்களை ஆயத்தம் செய்கிறவர்கள் பேலியகொடைக் கராஜ்களை மொய்ப்பது வழக்கம்; கேள்விகளும் அவர்களோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கத்தை முழுவதுமாக இதற்கே தருகிறேன்.

கே: முதன்முறையாக மஹகஸ்தோட்டை மலையேற்றத்துக்குப் போகிறேன். கனடாவிலிருந்து மாமா ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறார். பஞ்சிகாவத்தையில் வாங்கிய நான்கு முனை பெல்ட் ஏற்கனவே காரில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் போதும்தானே? (கொட்டாஞ்சேனை வாசகர்)

ப: போதாது, தம்பி. மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு ஹான்ஸைப் பெட்டியிலேயே வையுங்கள். முதலில் ஆறு முனை பெல்ட் ஒன்றைத் தேடுங்கள்.

பலர் ஹான்ஸ்தான் கழுத்தைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அது தாங்குவதில்லை. ஹெல்மெட்டின் இரு பக்கமும் உள்ள நாடாக்களால் தலையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த ஹான்ஸைத் தோளோடு அழுத்தி வைத்திருப்பது பெல்ட்டின் தோள்பட்டிகள். கார் மோதும்போது தலையின் பாரம் நாடாவுக்கு, நாடாவிலிருந்து ஹான்ஸுக்கு, ஹான்ஸிலிருந்து தோள்பட்டிக்கு, பட்டியிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து கார் உடலுக்குப் போகிறது. இந்த வழியில் எங்கே ஒரு கண்ணி விட்டாலும் பாரம் திரும்பிக் கழுத்துக்கே வரும்.

அந்தப் பாரம் எவ்வளவு தெரியுமா? தலை ஏறத்தாழ 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பைப் போல 40 மடங்கு வேகத்தளர்வு உண்டாக்குகிற ஒரு மோதலில் அந்த ஆறரைக் கிலோ, 260 கிலோ போல முன்னே இழுக்கும். மெனிங் சந்தையில் ஐம்பது கிலோ மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஐந்து மூட்டைகளை ஒரே நொடியில் கழுத்தில் தொங்கவிட்டது போல.

நான்கு முனை பெல்ட்டின் குறை மடியில் இருக்கிறது. மோதும்போது தோள்பட்டிகள் பக்கிளை மேலே இழுக்கும். அதைக் கீழே பிடிக்க எதுவும் இல்லாததால் இடுப்புப்பட்டி இடுப்பெலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். உடல் பட்டிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். குடல், ஈரல் எல்லாம் பட்டியில் நசியும். உடல் கீழே போகும்போது தோள்பட்டி தளர்ந்து, ஹான்ஸ் தோளைவிட்டு எழும்பும். நம்பி மாட்டிய கருவி அந்த வேளையில் உதவாது. ஆறு முனை பெல்ட்டில் கால்களுக்கிடையே வரும் இரண்டு கவட்டுப்பட்டிகள் பக்கிளை அதன் இடத்திலேயே இருத்துகின்றன. மாமாவின் ஹான்ஸ் வேலை செய்ய வேண்டுமானால் அந்த இரண்டு பட்டிகளும் கட்டாயம் வேண்டும்.

கே: ஹான்ஸ் பெல்ட்டுக்கு மேலா, கீழா? (மருதானை)

ப: கீழே. உடலின் மேல் ஹான்ஸ், ஹான்ஸின் மேல் தோள்பட்டி. ஹான்ஸின் இரண்டு கால்களும் நெஞ்சில் படிந்திருக்க, பட்டி அவற்றின் நடுவே ஓட வேண்டும். ஒரு பட்டி மட்டும் ஓரத்தில் தொங்கினாலும் இறங்கிச் சரிசெய்யுங்கள்.

கே: என் மகன் இந்தக் கழுத்துக் கருவிக்குப் பெருந்தொகை கேட்கிறான். முன்பெல்லாம் இதில்லாமல்தானே ஓடினார்கள், இது கம்பனிக்காரரின் வியாபாரம் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? (வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

ப: மகன் சொல்வது சரி, அம்மா. ஐயா சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. முன்பு இல்லாமல்தான் ஓடினார்கள். மஹகஸ்தோட்டையில் 1934இல் முதல் மலையேற்றம் நடந்தபோது பெல்ட்டே இல்லை. அந்த நாட்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவும் இல்லை.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு சாவினால்தான். 1981இல் அமெரிக்காவின் மிட்-ஒஹையோ ஓடுபாதையில் பத்ரிக் ஜாக்மார் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் பரிசோதனை ஓட்டத்தில் இறந்தார். அவருடைய நண்பரும் ஓட்டுநருமான ஜிம் டௌனிங், தன் மைத்துனரிடம் போய் இதற்கு வழி இல்லையா என்று கேட்டார். மைத்துனர் ரொபர்ட் ஹபர்ட், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடலியக்கப் பொறியியல் பேராசிரியர். உடல் பெல்ட்டில் நிற்கிறது, தலை நிற்காமல் போகிறது, மண்டையோட்டின் அடிப்பகுதி கழுத்தோடு சேருமிடத்தில் உடைகிறது. தலையையும் உடலோடு நிறுத்தினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. எண்பதுகளின் நடுவில் முதல் மாதிரி வந்தது. 1991 முதல் விற்பனைக்கு வந்தது. வாங்க ஆளில்லை. பெரிது, சூடு, தலை திரும்பாது என்று ஓட்டுநர்கள் ஒதுக்கினார்கள். வியாபாரம் என்றால் பத்து வருடம் அதிகம் பேர் வாங்காத வியாபாரம் இது.

1994 ஏப்ரல் 30, சனிக்கிழமை, இமோலாவில் ஃபோர்முலா ஒன் ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் அதே வகை மண்டையோட்டு முறிவால் இறந்தார். மறுநாள் அதே ஓடுபாதையில் ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்ததால் உலகம் ராட்சன்பெர்கரை மறந்துவிட்டது. ராட்சன்பெர்கரின் சாவும் ஃபோர்முலா ஒன் பொறியியலாளர்களை இந்தப் பக்கம் பார்க்க வைத்தவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் 2000 மே மாதத்துக்கும் 2001 பெப்ரவரிக்கும் இடையில் நாஸ்கார் ஓட்டுநர்கள் நால்வர் இதே காயத்தோடு போனார்கள். கடைசியாகப் போனவர் டேல் ஏர்ன்ஹார்ட், டேட்டோனாவில், பந்தயத்தின் கடைசிச் சுற்றில். அதே ஆண்டு ஒக்டோபரில் நாஸ்கார் தலை-கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபோர்முலா ஒன் 2003இல் கட்டாயமாக்கியது.

ஏர்ன்ஹார்ட் விபத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது. பெல்ட் பொருத்துகிறவன் என்ற முறையில் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அவருடைய இடது இடுப்புப்பட்டி அறுந்து கிடந்தது. பட்டி அட்ஜஸ்டருக்குள் ஒரு பக்கமாகச் சுருங்கிக் குவிந்து, அந்த ஓரத்தில் மட்டும் இழுவை ஏறிக் கிழிந்தது என்று நாஸ்காரின் விசாரணை அறிக்கை கூறியது. பெல்ட் செய்த தரப்பு, பொருத்திய விதமே பிழை என்று வாதிட்டது. வழக்கு எப்படி இருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றுதான். அட்ஜஸ்டர் இழுவைக்கு நேராக நிற்க வேண்டும், பட்டி அதற்குள் முழு அகலமாகக் கிடக்க வேண்டும். சீட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கும் அட்ஜஸ்டரைக் கண்டால் அந்தக் காரை ஓட விடாதீர்கள்.

கே: பின் சீட் பெல்ட்டின் தரை போல்ட்டிலேயே தோள்பட்டிகளைக் கட்டியிருக்கிறேன். படம் அனுப்பியுள்ளேன். கராஜ் பாஸ் நல்ல பலம் என்கிறார். (வத்தளை)

ப: போல்ட் பலம்தான். உங்கள் முதுகெலும்புக்கு அந்த அளவு பலம் இல்லை.

படத்தில் தோள்பட்டி சீட்டின் உச்சியிலிருந்து தரைக்கு மிகச் செங்குத்தாக இறங்குகிறது. மோதும்போது பட்டி இழுபடும் இழுவையில் ஒரு பங்கு உங்களைப் பின்னே பிடிக்கும். மீதி தோளைக் கீழே அழுத்தும். பட்டி கிடையோடு 45 பாகை சாய்ந்திருந்தால் இழுவையின் 70 வீதத்துக்கு மேல் கீழ்நோக்கிப் போகும். 10 பாகை மட்டும் சாய்ந்திருந்தால் கீழ்நோக்கிப் போவது 17 வீதம். உங்கள் காரில் 45ஐயும் தாண்டிவிட்டது என்பது கண்ணுக்கே தெரிகிறது. இப்படிப் பொருத்திய காரில் மோதினால் முதுகெலும்பு நசியலாம். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் விதி, 45 பாகைக்கு மேல் கூடாது, 10 பாகையைத் தாண்டாதிருப்பதே சிறந்தது என்கிறது. ஹான்ஸோடு ஓடுகிறவர் கிடைமட்டத்துக்கும் 20 பாகைக்கும் இடையில் வைத்துக்கொண்டால் நல்லது. பட்டி தோளைவிட மேலே ஏறிப் போவதும் பிழை; அப்போது ஹான்ஸ் தோளில் அழுந்தாது.

பாகைமானி தேவையில்லை. ஓட்டுநர் முழு உடுப்போடு அமரட்டும். அவருடைய தோள் உச்சியிலிருந்து ஒரு நேரான பலகையைப் பின்னோக்கிப் பிடித்து, நீர்மட்டம் வைத்துக் கிடையாக்குங்கள். 30 செ.மீ. பின்னே போய் அளந்தால் பட்டி பலகைக்கு 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 10 பாகை. 11 செ.மீ. கீழே என்றால் 20 பாகை. 30 செ.மீ. கீழே என்றால் 45. அதற்கு மேல் போனால் வேலையைத் திருப்பிச் செய்யுங்கள்.

எங்கே கட்டுவது? ரோல் கேஜின் குறுக்குக் குழாயில். விதிப்படி அது 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 40 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள, மூட்டில்லாமல் குளிர் இழுப்பில் செய்த எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டிவிட்டு, நிறம் பூசிக் கொடுக்கிற வேலையைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தோள் முனையும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. தண்ணீர்க் குழாய் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மேலிருந்து பார்க்கும்போது பட்டிகள் எப்படிப் போகின்றன என்பதும் முக்கியம். இரண்டும் கழுத்தை விட்டு அகன்று போனால் மோதும்போது ஹான்ஸின் மேலிருந்து வெளியே வழுக்கும். பின்னே போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்க வேண்டும். சீட்டின் நடுக்கோட்டோடு 20 பாகைக்கு மேல் எந்தப் பக்கமும் விலகக்கூடாது. கட்டுமிடம் தூரமாக இருந்து பட்டி நீண்டால், இரண்டையும் பின்னே சமச்சீராகக் குறுக்கே மாற்றிக் கட்டலாம், அது விதிக்குட்பட்டது. ஆனால் பட்டி நீள நீள இழுபடுவதும் கூடும். ஆகவே குறுக்குக் குழாயைச் சீட்டுக்குக் கிட்டவே வைப்பது மேல்.

குழாயில் சுற்றிய பட்டியை மூன்று கம்பி வளையத்தில் கோத்து, அதே வளையத்துக்குள் இன்னொரு முறை திருப்பிக் கோக்க வேண்டும். வளையம் குழாயோடு ஒட்டினாற்போல் இருக்கட்டும். மிச்ச வால் 10 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். திருப்பிக் கோக்காமல் விட்ட பட்டி கையால் இழுக்கும்போது நன்றாகவே நிற்கும். அதனால்தான் அது ஆபத்து.

கே: கொஞ்சம் வயிறு வைத்துவிட்டது. இடுப்புப்பட்டி எங்கே வர வேண்டும்? (தெஹிவளை)

ப: வயிற்றுக்குக் கீழே, தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில், இரு பக்க இடுப்பெலும்பின் மேல். வயிற்றைக் கையால் தூக்கிவிட்டுப் பட்டியை அடியில் விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நிமிர்ந்து அமரும் சீட்டில் அந்தப் பட்டி தரையோடு 45 முதல் 60 பாகைக்குள் கீழே இறங்க வேண்டும். தரையில் போல்ட் போடுமிடத்தில் 3 மி.மீ. தடிப்பும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகட்டை அடியில் வையுங்கள். போல்ட் எம்12, தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். எழுத்தில்லாத போல்ட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பெல்ட்டைச் சீட்டிலோ சீட்டின் காலிலோ கட்டுவது தடை. சீட் பிடுங்கிக்கொண்டால் பெல்ட்டும் கூடவே போய்விடும்.

கே: துபாயில் நடிகர் அஜித்தின் கார் சுழன்று சுவரில் மோதிய காணொளியை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அவர் எப்படித் தப்பினார்? அதிர்ஷ்டமா? (கொச்சிக்கடை, அஜித் ரசிகை)

ப: 2025 ஜனவரியில், 24 மணிநேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடந்தது அது. கார் தடுப்பில் மோதிப் பலமுறை சுழன்றது. அவர் காயமின்றி இறங்கினார். அந்த வாரமே அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது.

அதிர்ஷ்டத்தையும் கழிக்க வேண்டாம். ஆனால் அந்த வகைப் பந்தயத்தில் ரோல் கேஜ், ஆறு முனை பெல்ட், தலை-கழுத்துக் காப்பு, உடலை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் சீட் இல்லாமல் காரை ஓடுபாதையில் விடவே மாட்டார்கள். 2005 ஒக்டோபரில் சீன ஃபோர்முலா ஒன் பந்தயத்தில் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயனின் ஜோர்டான் கார் சுவரில் மோதிச் சிதறியது. அவரும் நடந்துதான் வந்தார். அவருடைய காலத்தில் ஹான்ஸ் கட்டாயமாகி மூன்றாவது வருடம். தலையின் பாரம் போகிற வழி முழுவதும் சரியாகக் கட்டப்பட்டிருந்ததை இருவரும் காட்டினார்கள். ரசிகர்கள் அந்தக் காணொளியில் அதையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கே: ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றிய பெல்ட். மிக மலிவு. பார்க்கப் புதிது போல இருக்கிறது. (பேலியகொடை)

ப: பட்டியின் ஓரத்தில் தைத்திருக்கும் சிறு அடையாளத் துணியைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. பெல்ட் என்றால் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அமெரிக்க எஸ்.எஃப்.ஐ. பெல்ட் என்றால் செய்த மாதமும் ஆண்டும் துளையிட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு வருடம்தான். அடையாளத் துணி இல்லாத பெல்ட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது ஏற்கனவே ஒரு மோதலைப் பார்த்த பெல்ட்டாக இருக்கலாம். மோதலில் பட்டி இழுபட்டு ஆற்றலை வாங்கிக்கொள்வது அதன் வேலை. ஒரு முறை இழுபட்டது மறுமுறை அப்படி இழுபடாது. உங்கள் சொந்தப் பெல்ட் ஆனாலும் பலமாக மோதினால் அன்றே கழற்றி வீசிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி வழியே நாள் முழுக்க வெயில் படும் பட்டி நிறம் மங்கும், தொட்டால் மொரமொரக்கும். இழை இறந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கார் வெளியே நின்றால் பெல்ட்டுக்கு மேல் துணி போடுங்கள். பேட்டரி அமிலமோ பிரேக் எண்ணெயோ பட்ட பட்டி போனதுதான். அழுக்கென்றால் மிதமான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெளுப்பு மருந்து வேண்டாம். தையல்காரரிடம் கொடுத்து நீளம் கூட்டுவதும் வேண்டாம். தெரிந்த ஒருவர் கூட்டியிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிய வாசகரே, அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கே: 3 அங்குலப் பட்டி நல்லதா, 2 அங்குலமா? (முகத்துவாரம்)

ப: ஹான்ஸ் போடுகிறவருக்கு 2 அங்குலத் தோள்பட்டி நன்றாகப் படியும், வழுக்காது. ஆனால் கழுத்துக் காப்போடு மட்டும் என்று குறித்து வரும் 2 அங்குலப் பட்டியை ஹான்ஸ் இல்லாமல் ஒருநாளும் போடக்கூடாது. அது நேரே நெஞ்செலும்பையும் காறை எலும்பையும் அழுத்தும். ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டி, ஒருவரிடம் மட்டும் ஹான்ஸ் இருந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

கே: என் ஹெல்மெட்டில் ஹான்ஸ் மாட்டும் துளை இல்லை. துளைபோட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். (கொம்பனித்தெரு)

ப: சொன்னவரிடம் ஹெல்மெட்டைக் கொடுக்காதீர்கள். ஓட்டின் இழைகளை அறுத்து இடம் தப்பிப் போட்ட துளை, நாடா இழுக்கும்போது அங்கேயே பிளக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகவே ஆகாது. ஸ்னெல் எஸ்.ஏ.2015 என்ற தரச்சான்று முதல் வந்த கார்ப் பந்தய ஹெல்மெட்களில் எம்6 புரியோடு இடம் தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. உங்களுடையது அதற்கு முந்தியதென்றால் மாற்றும் காலமும் வந்துவிட்டது.

கே: மாட்டினால் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் வருகிறவனைப் பார்க்காமல் சாவதா? (நீர்கொழும்பு)

ப: ஹான்ஸ் தலை முன்னே போவதைத்தான் நிறுத்துகிறது. நாடா வழுக்கி ஓடும் வகையாக இருந்தால் பக்கம் திரும்பலாம். திரும்ப முடியவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். நாடா உங்கள் அளவுக்குக் குட்டையாக இருக்கலாம். கருவியின் சாய்வு உங்கள் சீட்டுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். நிமிர்ந்து ஓட்டும் சலூன் காருக்கு 20 பாகை, சாய்ந்து படுக்கும் ஒற்றை சீட் காருக்கு 30 பாகை. சீட்டின் தோள்பகுதி கருவியின் பின்புறத்தை முன்னே தள்ளிக்கொண்டிருக்கலாம். மிச்சத்துக்குக் கண்ணாடிகளை ஹான்ஸ் மாட்டிய பிறகு சரிசெய்யுங்கள். முன்பே சரிசெய்து வைத்த கண்ணாடி உதவாது.

கே: பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் தினமும் போகிறேன். அன்றாடக் காருக்கே பந்தய பெல்ட் போட்டால் பாதுகாப்பு கூடுமா? (மாபோலை)

ப: குறையும். உங்கள் காரின் மூன்று முனை பெல்ட்டும் காற்றுப்பையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. கார் புரண்டு கூரை அமுங்கும்போது மூன்று முனை பெல்ட்டில் உடல் ஒரு பக்கம் சாய இடமுண்டு. பந்தய பெல்ட் உங்களை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். ரோல் கேஜ் இல்லாத காரில் கூரை நேரே தலைக்கு வரும். ஹான்ஸை மட்டும் வாங்கி மூன்று முனை பெல்ட்டோடு போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தோளை மட்டும் பிடிக்கும் பட்டியில் ஹான்ஸ் நிற்காது. பந்தயத்தைப் பந்தயக் காருக்கு விடுங்கள். நெடுஞ்சாலையில் பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டால் அது பெரிய காரியம்.

கே: பத்து வயது மகன் பண்டாரகமவில் கார்ட் ஓட்டுகிறான். அவனுக்கும் ஹான்ஸ் வேண்டுமா? (பம்பலப்பிட்டி)

ப: கார்ட்டில் பெல்ட்டே இல்லை. புரண்டால் ஓட்டுநர் வண்டியைவிட்டு விலகுவதே நல்லது என்ற கணக்கில் செய்தது அது. பெல்ட் இல்லாத இடத்தில் ஹான்ஸுக்குப் பிடிமானம் இல்லை. நல்ல அளவான ஹெல்மெட், விலாக் காப்பு, கையுறை போதும். பெரியவர்களின் ஹெல்மெட்டை மட்டும் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். சின்னக் கழுத்துக்கு அந்தக் கனம் பெரிது.

கே: தியத்தலாவையில் பாதையோரம் நின்றவர்கள்தானே இறந்தார்கள்? ஓட்டுநரின் கழுத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே! (ஹட்டன்)

ப: உங்கள் கோபம் நியாயம். 2024 ஏப்ரல் 21இல் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையைவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். பார்க்க வந்தவர்களுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே என்ன இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் அடக்கிவிடக்கூடிய பேச்சல்ல. அதைத் தனியே எழுதுவேன். ஆனால் ஒன்றைச் செய்யாததால் மற்றொன்றையும் செய்யாமல் விடலாமா? காருக்குள் இருப்பவனும் ஒரு தாயின் பிள்ளை. பெல்ட் பொருத்துவது இன்றே, நம் கையாலேயே செய்யக்கூடியது.

கே: போலி ஹான்ஸ் வருகிறதாமே, எப்படிக் கண்டுபிடிப்பது? (புறக்கோட்டை)

ப: எஃப்.ஐ.ஏ. 8858 என்ற எண்ணுள்ள அடையாளம் கருவியிலும் நாடாவிலும் இருக்க வேண்டும். அங்கீகரித்த தயாரிப்புகளின் பட்டியலை எஃப்.ஐ.ஏ. பகிரங்கமாகவே வெளியிடுகிறது, பெயரும் மாதிரியும் அதில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். விற்பவர் பார்க்க விடவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

கே: தொடக்கக் கோட்டில் அவசரம். தனியே கட்டிக்கொள்ள ஒழுங்கான வரிசை சொல்லுங்கள். (ராதெல்ல போட்டிக்குப் போகும் வாசகர்)

ப: தனியே வேண்டாம், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் மாட்டி ஹெல்மெட் போட்ட பிறகு உங்கள் மடியே உங்களுக்குத் தெரியாது.

சீட்டின் பின்புறத்தில் முதுகு முழுக்கப் படிய அமருங்கள். இடுப்புப்பட்டியை இடுப்பெலும்பில் வைத்து, மூச்சை வெளியே விட்டபடி முழுப் பலத்தோடு இறுக்குங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். தோள்பட்டியை முதலில் இறுக்கினால் இடுப்புப்பட்டி மேலே ஏறிவிடும், பிறகு அதைக் கீழே கொண்டுவர முடியாது. அடுத்து கவட்டுப்பட்டிகள், உள்ளே மடிப்பு, முறுக்கு இல்லாமல். தோள்பட்டிகளை ஹான்ஸின் மேல் கிடத்திப் பக்கிளில் மாட்டி, இரண்டையும் ஒரே அளவாகக் கீழே இழுங்கள். உதவிக்கு நிற்பவர் பட்டியைக் கையால் தடவிப் பார்க்கட்டும். ஹான்ஸின் ஓரத்தில் பட்டி தொங்கிக்கொண்டிருந்தால் கைக்குத் தெரியும். பிறகு நாடா இரண்டையும் ஹெல்மெட்டில் மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கட்டும். பெல்ட்டின் கொக்கி வகை முனைகளில் பாதுகாப்பு ஊசி மாட்டியிருக்கிறதா என்பதை முதல்நாள் கராஜிலேயே பார்த்துவிடுங்கள். கோட்டில் அதற்கு நேரம் இல்லை.

எல்லாம் இறுகிய பிறகு மூச்சு கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். வசதியாக இருந்தால் இன்னும் இறுக்குங்கள். காரை நகர்த்தி இரண்டு வளைவு ஓடினால் உடல் சீட்டில் அமிழ்ந்து பட்டி தளரும்; கோட்டுக்கு வந்ததும் தோள்பட்டியை மறுபடி இழுங்கள்.

வெளியே வருவதையும் பழகுங்கள். பக்கிளைத் திருகி, ஹான்ஸைக் கழற்றாமலே, கதவு வழியாகவும் பயணி பக்கமாகவும் இறங்கிப் பாருங்கள். பகலில் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு முறை, இன்னொருவர் பக்கத்தில் நிற்க, கண்ணை மூடிக்கொண்டு மறுமுறை. புகை நிறைந்த காருக்குள் பக்கிளைக் கைதான் தேட வேண்டியிருக்கும். கையுறையோடு பழகுங்கள்.